பங்காளி வீட்டு மாடியில் ஒரு டப்பா

போன மாதம் உங்கள் டெக்னீஷியன் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினீர்கள். "உங்க அனுபவத்தை நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்று மைக்கைக் கொடுத்தீர்கள். நான் தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது. அதற்கப்புறம் யார் காது என் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெற்றவன் பேச்சு பிரியாணிக்கு முன்னால் எடுபடாது என்பது நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். சாப்பிட்டுவிட்டே படியுங்கள்.

அன்று முன்வரிசையில் இருந்த ஒரு தம்பியைக் கேட்டேன். கஸ்டமர் நெட் ஸ்லோ என்கிறார், முதலில் என்ன செய்வாய்? "ஸ்பீடு டெஸ்ட் எடுப்பேன் சார்." சரி, எடுத்தாச்சு, ஸ்லோதான். அப்புறம்? "ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுவேன் சார்." அதுவும் ஆச்சு. அப்புறம்? "மறுபடி ஒரு ஸ்பீடு டெஸ்ட்." ஏன் தம்பி, காய்ச்சல்காரன் வாயில் தெர்மாமீட்டரை வைத்து வைத்து எடுத்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா? நெட் ஸ்லோ என்று கஸ்டமருக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் அவர் உனக்குப் போன் பண்ணினார். அதையே கருவி வைத்து அவருக்குத் திருப்பிச் சொல்ல உனக்குச் சம்பளம், வண்டி, பெட்ரோல்!

நான் தொண்ணூறுகளில் உத்திரமேரூரில் டிவி ஆண்டெனா கட்டிக்கொண்டிருந்தவன். மாடியில் ஒருத்தர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே ஒருத்தர் டிவி முன்னால் நின்றுகொண்டு "தெரியுது, தெரியுது... ஐயோ, போச்சு!" என்று கத்த, நடுவில் ஜன்னலோரம் நிற்கிற அம்மா அதை மறுபடி மாடிக்குக் கத்த, அப்படித்தான் தொழில் கற்றேன். ஆண்டெனா மேல் காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும். அதை விரட்ட வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கும். அப்புறம் கேபிள் டிவி வந்தது. ஆண்டெனாக்களில் எல்லாம் துணி காயப்போட்டார்கள். நானும் கொஞ்ச நாள் காய்ந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒயர் இழுக்காமலே கிராமத்துக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம் என்று நம் கம்பெனி உத்திரமேரூரில் ஒரு டவரை நட்டது. மாடி ஏறத் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை எடுத்துக்கொண்டார்கள். ஏற்பாடு எளிதுதான். டவரில் ஒரு பெட்டி. கஸ்டமர் வீட்டு மாடியில் ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளை டப்பா. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இறங்கும். டப்பாவும் டவரும் ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பார்வை நன்றாக இருந்தால் டப்பாவின் முதுகில் பச்சை விளக்குகள் வரிசையாக எரியும். ஏதாவது மறைத்தால் ஒவ்வொன்றாக அணையும். இவ்வளவுதான் வேதம். மீதி எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, தூக்கம் வராத அன்றைக்குப் படியுங்கள்.

எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். பேர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் பெரிய வேலையில் இருக்கிறார்கள். நான் சேர்ந்த அன்றே தொழில் ரகசியத்தை அவிழ்த்தார்: "கம்ப்ளெய்ன்டுன்னு போனா கம்ப்யூட்டரை ஆன் பண்ணு. மூஞ்சிய சீரியஸா வெச்சிக்கோ. கொஞ்ச நேரம் மவுஸை இப்பிடி அப்பிடி ஆட்டு. அப்பால 'வைரஸ் கீது'ன்னு சொல்லு. டீ குடுத்தா குடிச்சிட்டு வா." வைரஸ் யார் கண்ணுக்கும் தெரியாது. டவர் மேல் பழியில்லை, டப்பா மேல் பழியில்லை, கம்பெனி மேல் பழியில்லை. கஸ்டமர் தன் தலையெழுத்தை நொந்துகொள்வார். ஏரியாவிலேயே அதிகக் கம்ப்ளெய்ன்ட்டை முடித்தவர் என்று நம் சீனியருக்கு வருஷா வருஷம் சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அவர் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் மணி தெரியும்.

கஸ்டமர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ராஜகுளத்தில் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒயரில்லாமல் நெட் பரப்பும் பெட்டியை நாங்கள் பொருத்திவிட்டு வந்தோம். மறுநாளே நெட் வரவில்லை என்று போன். போய்ப் பார்த்தால் பெட்டியைக் காணோம். விலை உயர்ந்த சாமான் என்று இரும்பு பீரோவுக்குள் நகையோடு வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கார அம்மா இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறார். மின்சார ஒயர் மட்டும் பீரோக் கதவிடுக்கில் வால் மாதிரி தொங்குகிறது. "வெளிய வெச்சா எவனாவது தூக்கிகினு பூடுவான்பா" என்றார். நெட்டும் அதே பீரோவில்தான் பத்திரமாக இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கிற சமாச்சாரம். நான் மறக்காதது திருப்புலிவனத்து வீடு.

அந்த வீட்டு மருமகள் மஞ்சுளா. காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. முடித்தவள். கல்யாணத்தில் பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் சீராக வந்து இறங்கியது. மாமனார் வரதப்பன் நிலபுலன் உள்ளவர். கூடத்தில் அதை வைத்து, குங்குமப் பொட்டு இட்டு, பூப்போட்ட உறை போட்டு மூடி, வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். உபயோகப்படுத்துவது என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. ஒருநாள் மஞ்சுளாவே உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு முணுமுணுக்கிற முணுமுணுப்பை எல்லாம் பதிவு செய்து நெட்டில் அனுப்புவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, இங்கிலீஷில் டைப் அடித்து, காலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது. புருஷனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட். எதைக் கேட்டாலும் "அப்பாகிட்ட கேட்டுக்கோ" என்பான். அவனை இந்தக் கதையில் இனிமேல் தேடாதீர்கள், வரமாட்டான்.

ஐப்பசியில் இணைப்புக் கொடுத்தோம். பொங்கல் வரைக்கும் குறையில்லை. தை பாதியிலிருந்து நெட் ஸ்லோ. சென்னையில் நம் கம்பெனியில் போன் எடுக்கிற பெண் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். மஞ்சுளா பண்ணினாள். மறுபடி பண்ணச் சொன்னாள், மறுபடி பண்ணினாள். அப்புறம் நம் ஆள் ஒருத்தன் போனான். வைரஸ் என்று சொல்லிக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததை எல்லாம் துடைத்து வைத்தான். அதில் அவள் மாசக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த மருந்துப் பெயர்களும் சேர்ந்து துடைபட்டுப் போயின. அப்புறம் சீனியரே நேரில் போனார். டீ குடித்தார். "வைரஸ் திரும்பி வந்துட்டுச்சு" என்றார். ஊருக்குப் போயிருந்த மச்சினன் திரும்பி வந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பேரும் மாடி ஏறவில்லை. இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் மாடி ஏறவில்லை!

மூன்றாவதாக நான் போனேன். வாசலிலேயே மஞ்சுளா நிறுத்தினாள்.

"வைரஸ்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிட்டுப் போயிடுங்கண்ணா. எனக்கு வேலை கெடக்குது."

"சொல்லமாட்டேம்மா. எப்பெப்ப ஸ்லோவா கீது?"

"காலைலதாண்ணா. வெயில் ஏறினா கொஞ்சம் நவுருது. மத்தியானத்துக்கு மேல பரவால்ல. ஆனா நான் ஃபைல் அனுப்ப வேண்டியதே காலைலதான். இந்த வாரமும் லேட்டானா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சென்னை கம்பெனி மேடம் சொல்லிட்டாங்க. மாமா இன்னாடான்னா, சரிப்படலைன்னா மெஷினை உங்கப்பன் வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு மாட்டைப் பாத்துக்கோன்றாரு. இது போச்சுன்னா இந்த வூட்டுல எனக்குன்னு ஒண்ணுமே கெடையாதுண்ணா."

வரதப்பன் பின்னாலேயே வந்தார். "தம்பி, நான் சொல்றேன் கேளு. பக்கத்து வூட்டுக்காரன் இஸ்துக்கிறான்."

"இன்னாத்தங்க?"

"நெட்டைத்தான். பஞ்சாயத்துத் தண்ணிய மோட்டர் வெச்சி இஸ்துக்கிறான்ல? அதே மாதிரி நெட்டுக்கும் இன்னாத்தையோ மாட்டி வெச்சிகினு கீறான். நீ அத்த கண்டுபுடி."

பக்கத்து வீட்டுக்காரர் வேறு யாருமில்லை. கூடப் பிறந்த தம்பி ஏகாம்பரம்.

நான் மாடி ஏறினேன். டப்பாவின் முதுகில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் எரியவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. டப்பா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். டவர் தெரியவில்லை. வைக்கோல் தெரிந்தது. ஏகாம்பரத்தின் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருந்த சின்னத் துண்டு நிலத்தில், மாடி உயரத்தைத் தாண்டி ஒரு வைக்கோல்போர் எழும்பி நின்றது. அறுப்பு முடிந்து தையில் போட்டது. மாசிப் பனியில் ராத்திரி முழுக்க நனைந்து, காலையில் ஈரச் சுவராக நிற்கிறது. வெயிலில் காயக் காய அதற்குள் சிக்னல் கொஞ்சம் நுழைகிறது. இவ்வளவுதான் வைரஸ். கண்ணுள்ளவன் எவன் ஏறினாலும் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் திரையில் அது தெரியாது, ஃபேனுக்கடியில் உட்கார்ந்தாலும் தெரியாது.

இறங்கி வந்து சொன்னேன். வரதப்பன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் சொன்னேன்ல! இஸ்துக்கல, மறைச்சிக்கிறான். ரெண்டும் ஒண்ணுதான்!"

ஏகாம்பரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் பணிவாகத்தான் கேட்டேன். போரைக் கொஞ்சம் அந்தாண்ட நகர்த்திப் போட்டால் ஒரு பெண்ணுக்குப் புண்ணியமாகப் போகும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா சொல்ற? அத்த வைக்கோலுன்னா நெனைச்சிகினு கீற? அது என் அனுபோகம்பா."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்தத் துண்டு நிலம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் வழக்கு. யார் அனுபவித்து வருகிறாரோ அவருக்குப் பலம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இடத்தை அனுபவிக்கிறேன் என்று காட்ட வேண்டுமானால் அதில் எதையாவது போட்டு வைக்க வேண்டும். முதலில் வரதப்பன் செங்கல் அடுக்கினார். ஏகாம்பரம் அதை அப்புறப்படுத்திவிட்டு எருக்குப்பை கொட்டினார். அதை வரதப்பன் அள்ளி வயலுக்கு அடித்துவிட்டார். கடைசியில் அறுப்பு முடிந்த கையோடு தம்பி வைக்கோல்போரைப் போட்டுவிட்டார். அள்ளினால் களவு என்று கேஸ் ஆகும். அசைக்க முடியாது.

இதில் வேடிக்கை, ஏகாம்பரத்தின் மாடுகள் அந்தப் போரில் ஒரு வாய் கண்டதில்லை. காவாந்தண்டலத்திலிருந்து வண்டியில் வேறு வைக்கோல் தருவித்து அவற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மாடு துன்னா போரு கொறையும். போரு கொறைஞ்சா அனுபோகம் கொறையும். இன்னா படிச்சியோ போ!"

பக்கத்தில் நின்ற பசு போரையே பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கின் விவரம் அதற்கும் தெரியும் போலிருக்கிறது.

சரி, போர் இறங்காவிட்டால் டப்பா ஏறட்டும் என்று நீளக் குழாய் ஒன்று கொண்டுபோனேன். வரதப்பனுக்குப் பிடிபடாத சந்தோஷம். "ஏத்து தம்பி! அவன் வூட்டு தலைக்கு மேல நிக்கணும்!" ஏற்றினேன். விளக்குகள் வரிசையாக எரிந்தன. மஞ்சுளாவின் ஃபைல் போயிற்று. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் பெரிய மேதாவி மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு நாள் ஆகவில்லை, மறுபடி போன். அண்ணன் வீட்டுக் குழாய் உயர்ந்ததை ஏகாம்பரம் பார்த்திருக்கிறார். இன்டர்நெட், சிக்னல் என்று எதுவும் அவர் மனசில் ஓடவில்லை. அண்ணன் கொடிமரம் நடுகிறான் என்றே எடுத்துக்கொண்டார். இன்னொரு வண்டி வைக்கோலை வரவழைத்துப் போரின் தலையில் ஏற்றிவிட்டார். நான் குழாயை இன்னும் உயர்த்தினேன். அவர் இன்னும் ஒரு வண்டி ஏற்றினார். இந்தப் போட்டியில் நம் கம்பெனி தோற்றுப்போகும் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நம்மிடம் குழாய்தான் இருந்தது. அவரிடம் உத்திரமேரூர் வட்டத்து வைக்கோல் முழுக்க இருந்தது.

கடைசி உயரத்துக்குப் போகும்போது குழாய் காற்றில் ஆட ஆரம்பித்தது. ஸ்டே கம்பி கட்ட வேண்டும், அதாவது மூன்று பக்கமும் கம்பி இழுத்து முளை அடிக்க வேண்டும். வீடு பழைய மெட்ராஸ் ஒட்டு மாடி, சுண்ணாம்புக் கட்டடம். கைப்பிடிச் சுவரில் முளை அடித்தால் சுவரே கையோடு வந்துவிடும். தரைக்குத்தான் இழுத்தாக வேண்டும். இரண்டு முளைக்கு இடம் கிடைத்தது. மூன்றாவது முளை எங்கே விழும் என்று அளந்து பார்த்தேன். நேராக அந்தத் துண்டு நிலத்தின் நடுவில் விழுந்தது.

அன்று காலை நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நான் கையில் சம்மட்டியும் முளையுமாக நிற்கிறேன். வரதப்பன் என் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். "அடி தம்பி, அடி! யாருன்னா கேட்டா நான் பாத்துக்கிறேன்!" அவருக்கு நெட்டா முக்கியம்? அந்த முளை இறங்கினால் அது அவருடைய அனுபோகம். ஏகாம்பரம் நேராக வந்து, முளை இறங்க வேண்டிய இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடி. என் தலை மேல அடி."

அண்ணனும் தம்பியும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை. பெற்ற தாய் செத்தபோதுகூட இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் பாடையைத் தூக்கிக்கொண்டு வாய் திறக்காமல் நடந்தார்களாம். அதனால் எல்லாம் என் வழியாகப் போயிற்று. "தம்பி, அவனை எழுந்து போகச் சொல்லு." "இன்னாபா, முளைய எடுத்துகினு பூடச் சொல்லு அந்தாள." நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி கண்டேன். ஊர் கூடிவிட்டது. ஒருத்தர் என்னைப் பார்த்து, "கோர்ட்டுல சாட்சிக்கு உன்னியத்தான் கூப்புடுவாங்க, வூட்டு அட்ரஸ் குடு" என்றார். வீட்டுக்குள் போன் மணி அடித்தது. மஞ்சுளா எடுத்து, "அனுப்பிடுறேன் மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேடம், ப்ளீஸ் மேடம்" என்று கெஞ்சுவது வாசல் வரைக்கும் கேட்டது.

எனக்குச் சீனியர் முகம் கண்முன் வந்தது. வைரஸ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தால் தீர்ந்தது. அடுத்த டெக்னீஷியன் தலையில் விடியும். பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. முளையை அடித்தால் நான் அண்ணன் கட்சி. அடிக்காமல் திரும்பினால் தம்பி கட்சி. அந்தப் பெண்ணின் கட்சி என்று ஒன்று அங்கே யாரும் ஆரம்பிக்கவே இல்லை.

மஞ்சுளா வாசலுக்கு வந்து, "அண்ணா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். உள்ளே போனேன். அழுத கண்ணைத் துடைத்திருந்தாள். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சன்னமாகக் கேட்டாள்.

"சின்ன மாமா வூட்டு மாடிலேர்ந்து டவர் தெரியுமாண்ணா?"

"பளிச்சுனு தெரியும்மா. போரு இந்தாண்டதானே கீது."

"அங்கேர்ந்து ஒயர் இங்க எட்டுமா?"

"எட்டும். ஆனா அவரு எப்படிம்மா..."

"நான் மாமாகிட்ட பேசுறேன். சின்ன மாமாகிட்ட நான் சொல்றத நீங்க போய்ச் சொல்லுங்க. ஒருத்தர்கிட்ட சொன்னது இன்னொருத்தருக்குத் தெரிய வேணாம்."

அவள் சொன்னதைக் கேட்டுத் தண்ணீர் எனக்குப் புரையேறிவிட்டது.

வரதப்பனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு அவள் சொன்னது இது: "மாமா, அந்தத் துண்டுல முளை அடிச்சி இன்னா ஆவப்போவுது? நம்ம டப்பாவ அவங்க மாடி மேலயே வெச்சிட்டா? அந்த மாடியே நம்ம அனுபோகத்துல இருக்குதுன்னு ஆவுமே மாமா." துண்டு நிலத்துக்குச் சண்டை போட்டவருக்கு வீட்டு மாடியே வருகிறது என்றால் சும்மாவா?

நான் ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய்க் குந்தினேன். காதோடு சொன்னேன்: "உங்க அண்ணன் வூட்டு டப்பாவ உங்க மாடில வெச்சிக்கச் சொல்லி உங்க கையிலதான் வந்து நிக்கிறாங்க. இனிமே அவங்க வூட்டு நெட்டு உங்க தயவுல ஓடணும். நீங்க வுட்டாதான் உண்டு." அவர் முதலில் நம்பவில்லை. "அந்தாளு ஒத்துகினானா?" என்றார். ஒத்துக்கொண்டார் என்றேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணை நிதானமாகத் தட்டினார். ஊரைப் பார்த்து, "கேட்டீங்களா? கடைசில என் கால்லதான் வந்து வுழணும்" என்றார். அதே நேரத்தில் வரதப்பன் வெளியே வந்து மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டு பேருமே ஜெயித்திருந்தார்கள். ஒரே டப்பாவில் இரண்டு வெற்றி!

ஊர் கலைவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். ஏகாம்பரத்தின் வீட்டு மாடியில் டப்பாவைக் கட்டினேன். சின்னக் குழாயே போதுமானதாக இருந்தது. வைக்கோல்போரின் தலைக்கு மேலாக ஒயரை இழுத்து மஞ்சுளாவின் ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். துண்டு நிலத்துக்கு மேலிருக்கும் ஆகாசம் யாருடைய அனுபோகம் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் இறங்கிவிட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஃபைல் போகிற கோடு திரையில் நகர்ந்து நகர்ந்து முடிவைத் தொட்டது. மஞ்சுளா மேடத்துக்குப் போன் போட்டு, "பாருங்க மேடம், வந்துட்டுச்சா?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை.

கம்ப்ளெய்ன்ட்டை முடிக்க சென்னைக்குப் போன் போட்டேன். என்ன கோளாறு என்று கேட்டாள் அந்தப் பெண். வைக்கோல் என்றேன். "அந்த ஆப்ஷன் இல்லை சார்" என்றாள். அப்படியானால் அனுபோகம் என்று போடம்மா என்றேன். அதுவும் இல்லையாம். ஒயர், கரண்ட், டப்பா, வைரஸ், இந்த நாலில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமாம். "வைரஸ்னே போட்டுக்கோ" என்றேன். அந்த வருஷமும் கடிகாரம் சீனியருக்குத்தான் போயிற்று, எனக்கு வருத்தமில்லை.

இன்று நீங்கள் வைத்திருக்கிற கருவியில் டவரின் தூரம் தெரிகிறது, சிக்னலின் பலம் தெரிகிறது, திசை தெரிகிறது. நல்லது. பங்காளி தெரிகிறானா? தெரியமாட்டான். அதனால் போகிற வீட்டில் மாடி இருந்தால் ஏறுங்கள். ஏறிவிட்டு, இறங்கி வந்து, வேலை யாருக்கு ஆக வேண்டுமோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திருப்புலிவனத்தில் நான் குழாய் குழாயாக உயர்த்திக்கொண்டிருந்தேனே ஒழிய அந்தப் பெண்ணிடம் யோசனை கேட்கவே இல்லை. அவளாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தேன்.

பங்குனியில் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது, ஒயர் எப்படி இருக்கிறது என்று பார்க்க நுழைந்தேன். வைக்கோல்போர் அப்படியே இருந்தது. அடியில் மக்கிக் கறுத்திருந்தது. வழக்கும் அப்படியே இருந்தது. மஞ்சுளா ஹெட்போனோடு உட்கார்ந்து தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். மேடம் இப்போது முன்னைவிட அதிகமாக வேலை கொடுக்கிறாராம். வரதப்பன் முற்றத்தில் நின்று, தம்பி வீட்டு மாடியில் இருக்கும் தன் சொத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவின் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

"டேய் ஏகாம்பரம்!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டப்பா மேல காக்கா குந்திகினு கீது பாரு! வெரட்டுடா!"

அந்த வீட்டிலிருந்து பதில் வந்தது.

"உன் டப்பா, உன் காக்கா. நீ வந்து வெரட்டிக்கோ!"

"உன் வூட்டுப் படிய நான் எதுக்குடா மிதிக்கணும்?"

"மிதிக்காத. அது குந்திகினே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வீட்டு மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம் கேட்டது. "சூ! சூ!" என்று கையை வீசிக்கொண்டு ஏகாம்பரம் மாடியில் தெரிந்தார். வரதப்பன் கீழே நின்று, "இந்தாண்ட, இந்தாண்ட வந்துட்டுச்சு பாரு" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே டைப் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. மஞ்சுளா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தினம் இதாண்ணா நடக்குது," என்றாள். "காக்கா குந்தினா நெஜமாவே நெட்டு ஸ்லோ ஆவுமா?"

"ஆவாதும்மா. அது டிவி ஆண்டெனா காலத்து நெனப்பு."

"மாமாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள்.